சாண்டா ஃபே பேராயர் லாமி நடைச் சுற்றுலா: படிக்கட்டுக்கு 25 நிமிடம், தாவோஸ் சாமியாருக்கு ஒன்றுமில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மோசமான சுற்றுலா இல்லை. நியூ மெக்சிகோவில் சாண்டா ஃபே போகிறவர்கள், காலையில் இரண்டரை மணி நேரம் கையில் இருந்தால் தாராளமாகச் சேரலாம். ஆனால் விளம்பரத்தில் "பேராயர் லாமியின் சாண்டா ஃபே" என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி, பிரான்சிலிருந்து வந்து 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரின் முதல் கத்தோலிக்கப் பேராயரான அந்த மனிதரை முழுசாகத் தெரிந்துகொள்ளலாம் என்று போனால் பாதி லாமிதான் கிடைப்பார். மீதிப் பாதிக்கு நாங்கள் தனியாக வண்டி எடுத்துக்கொண்டு எழுபது மைல் தள்ளியிருக்கும் தாவோஸ் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சதுக்கத்தைச் சுற்றி இதே மாதிரி இன்னும் சிலர் நடத்துகிறார்கள், நான் பார்த்த நோட்டீஸ்களில் எல்லாம் அதே படிக்கட்டுப் படம்தான்.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மூன்று மாதம் என்னோடு தங்க வந்திருந்தார். நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர், எங்கள் பக்கத்துக் கோவில்களில் இரண்டு மூன்று பீடங்கள் அவர் கைபட்டவை. அமெரிக்காவில் எதைக் காட்டினாலும் "நல்லாத்தான் இருக்கு" என்று ஒரே பதில் வந்துகொண்டிருந்ததால், மரமும் கோவிலும் சேர்ந்த இடமாக இருக்கட்டும் என்று சாண்டா ஃபேயைத் தேர்ந்தெடுத்தேன். நாங்கள் இருப்பது கான்சாஸ் சிட்டி. இரவு ரயில் ஏறினால் மறுநாள் மத்தியானம் இறங்கிவிடலாம், இறங்குகிற ஸ்டேஷனின் பெயரே லாமி. அந்த ஊர்க்காரர்கள் அதை லேமி என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் கேட்டால் வருத்தப்படுவார். 1880-இல் ரயில் வந்தபோது, மலையும் மேடுமான சாண்டா ஃபேக்குள் மெயின் லைன் போகவில்லை, 18 மைல் கிளைப் பாதை ஒன்றைப் போட்டு முடித்துக்கொண்டார்கள். ஆக, பேராயருக்கு ஒரு ஸ்டேஷன் கிடைத்தது, அவருடைய ஊருக்கு மெயின் லைன் கிடைக்கவில்லை. அந்த ஸ்டேஷனில் எங்களை ஏற்றிக்கொள்ள முன்பதிவு செய்திருந்த வேன் முக்கால் மணி நேரம் தாமதம். சுற்றிலும் கடை கண்ணி கிடையாது, தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் வந்ததில் ஒரு லாபம் இருந்தது. அந்தப் பாதை பெரும்பாலும் பழைய சாண்டா ஃபே மாட்டுவண்டித் தடத்தை ஒட்டியே போகிறது. நாங்கள் இட்லிப் பொடியும் பிரெட்டுமாகத் தூங்கி எழுந்து கடந்த சமவெளியை லாமியின் ஆட்கள் வாரக்கணக்கில் கடந்திருக்கிறார்கள். 1852-இல் பள்ளிக்கூடம் தொடங்குவதற்காக கென்டக்கியிலிருந்து லொரெட்டோ சபைக் கன்னியாஸ்திரீகள் ஆறு பேரை அழைத்து வந்தார். வழியிலேயே காலரா. தலைமைக் கன்னியர் மட்டில்டா மில்ஸ், எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிற இண்டிபெண்டன்ஸ் ஊரை எட்டும் நேரத்தில் இறந்துபோனார், இன்னொருவர் உடம்பு முடியாமல் திரும்பிவிட்டார், சாண்டா ஃபே போய்ச் சேர்ந்தது நாலு பேர். 1867-இல் ஐரோப்பாவிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டு திரும்பி வரும்போது மறுபடியும் அதே சமவெளி, மறுபடியும் காலரா, கூடவே தாக்குதல். பதினெட்டு வயதுக் கன்னியர் ஒருவரை வழியிலேயே அடக்கம் செய்தார்கள். லாமியும் அவர் கூட்டமும் மொத்தமாகக் கொல்லப்பட்டுவிட்டதாகப் பத்திரிகைகளில் செய்தியே வந்துவிட்டது. அவர் அதற்குப் பிறகு இருபது வருடம் இருந்தார். இதை அப்பாவுக்கு ரயிலில் படித்துச் சொன்னபோதுதான் முதல்முறையாக "நல்லாத்தான் இருக்கு" வராமல் "அப்புறம்?" என்று கேட்டார்.

சரி, சுற்றுலாவுக்கு வருவோம். தலைக்கு 35 டாலர், முதியோர் சலுகை இல்லை, எங்களோடு சேர்த்து பதினோரு பேர். சாண்டா ஃபே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த மறுநாளே நடக்காதீர்கள், அப்பாவுக்கு முதல் அரை மணியிலேயே மூச்சு வாங்கியது, உட்கார பெஞ்ச் தேடினோம். வழிகாட்டி ஒஹாயோவிலிருந்து குடிவந்த இளைஞர். லாமியும் சாண்டா ஃபே வருவதற்கு முன்பு ஒஹாயோவில் டான்வில் என்ற ஊர்ப் பக்கம்தான் சாமியாராக இருந்தார், அதனால் "எங்கள் ஊர் ஆளைப் பற்றி நானே சொல்கிறேன்" என்று அவர் ஆரம்பித்தது நன்றாக இருந்தது. பேச்சில் தடுமாற்றம் கிடையாது, கேள்வி கேட்டால் எரிச்சல்படுவதும் கிடையாது. ஆனால் மனப்பாடம். எந்த இடத்தில் எந்த ஜோக் என்பது வரை மனப்பாடம் என்று கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

1610 வாக்கில் கட்டிய ஆளுநர் மாளிகையிலும் சதுக்கத்திலும் பத்து நிமிடம். அங்கிருந்து நேராக லொரெட்டோ சிற்றாலயம். இதற்குத் தனி டிக்கெட், அதை முன்பதிவில் எங்கேயோ பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். இந்தக் கட்டிடம் லாமி அழைத்து வந்த கன்னியரின் பள்ளிக்கூடத்துக்காக 1873 முதல் 1878 வரை கட்டியது. பள்ளி 1968-இல் மூடப்பட்டு, ஆலயம் தனியார் கைக்குப் போய் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. பாடகர் மாடத்துக்கு ஏற வழியில்லாமல் போனதாம், கன்னியர்கள் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான தச்சர் சூசையப்பருக்கு நவநாள் வைத்தார்களாம், ஒன்பதாம் நாள் கழுதையோடு ஒரு கிழவர் வந்து சுழல் படிக்கட்டைச் செய்துவிட்டுக் கூலி வாங்காமல் மறைந்தாராம். 33 படிகள், இரண்டு முழுச் சுற்று, நடுவில் தூண் கிடையாது, இரும்பு ஆணிக்குப் பதில் மர ஆணி. வழிகாட்டி குரலைத் தாழ்த்தி இதைச் சொல்லி முடிக்க 25 நிமிடம் ஆனது. நான் கடிகாரம் பார்த்தேன்.

அப்பா அதற்குள் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்று, கழுத்தை வளைத்துக் கீழேயிருந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறிப் பார்க்க விடமாட்டார்கள். "நடுத்தூணு இல்லன்னு யாரு சொன்னா? உள் பக்கத்து வளைவுச் சட்டம் எவ்வளவு நெருக்கமாச் சுத்துது பாரு, அதுதான் தூணு" என்றார். பிறகு படித்துப் பார்த்தேன், பொறியாளர்கள் சொல்கிற விளக்கமும் ஏறத்தாழ அதுதான். கைப்பிடி அப்போது கிடையாது, சில வருடம் கழித்துத்தான் வைத்தார்கள். அதுவரை பள்ளிப் பிள்ளைகள் பயந்துபோய் முட்டி போட்டு இறங்குவார்களாம். செய்தவர் யார் என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. பிரான்சுவா ரோஷாஸ் என்ற பிரெஞ்சுத் தச்சர், 1895 வாக்கில் இறந்தவர். அவர் இறந்தபோது உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த குறிப்பில் லொரெட்டோ படிக்கட்டு அவர் வேலை என்று இருக்கிறது, மடத்துக் கணக்குப் புத்தகத்தில் மரத்துக்காக அவருக்கு 150 டாலர் கொடுத்த வரியும் இருக்கிறது. வழிகாட்டி இதைச் சொன்னார், ஆனால் "சிலர் அப்படியும் சொல்கிறார்கள்" என்று அரை வாக்கியத்தில். அப்பாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. "சூசையப்பர் வந்தாரோ வரலியோ, இவ்வளவு செஞ்ச தச்சனுக்கு ஒரு போர்டு வைக்கக் கூடாதா?"

அடுத்தது பேராலயம். சுற்றுலாவில் பணத்துக்குச் சரியான பகுதி இதுதான், இதற்காகவே போகலாம். சாண்டா ஃபேயில் வீடு, கடை, ஹோட்டல், வண்டி நிறுத்தும் கட்டிடம் வரை எல்லாம் மண் நிறத்தில், மூலை மழுங்கிய சுவரோடு இருக்கும், வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கலால் கட்டுவது அந்த ஊர் வழக்கம், புதுக் கட்டிடங்களும் அதே தோற்றத்தில்தான் வருகின்றன. அதற்கு நடுவில் திடீரென்று மஞ்சள் கல்லில், வட்ட ஜன்னலும் வளைவு வாசலுமாக ஒரு பிரெஞ்சுக் கோவில். "வேற ஊர்ல இருந்து தூக்கிட்டு வந்து வச்ச மாதிரில்லா இருக்கு" என்றார் அப்பா. கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. லாமி பிறந்தது பிரான்சின் நடுவில், கிளெர்மோன் பக்கத்துக் கிராமம், 1814. சின்ன வயதில் பார்த்த கோவில்களின் சாயலில் இதைக் கட்ட நினைத்து, கட்டிடக் கலைஞர் மூலி என்பவரையும் அவர் மகனையும் பிரான்சிலிருந்து வரவழைத்தார். கண்ணாடி ஓவியங்கள்கூட கிளெர்மோனிலிருந்து வந்தவை. கல் மட்டும் உள்ளூர், இப்போது அவர் பெயரில் இருக்கும் ஸ்டேஷன் பக்கத்தில் வெட்டியது. 1869-இல் அடிக்கல், சில நாளிலேயே அந்த அடிக்கல் திருட்டுப் போனது, 1886-இல் அர்ச்சிப்பு. கோபுர உச்சிக்குப் பணம் வரவில்லை, இரண்டு கோபுரமும் இன்றைக்கும் மொட்டையாகத்தான் நிற்கின்றன, இடது பக்கம் வலது பக்கத்தை விட ஒரு வரி கல் குறைவு. அப்பா இதை வழிகாட்டி சொல்லும் முன்பே கண்டுபிடித்துவிட்டார், சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள், மூன்று மாதத்தில் அவர் அவ்வளவு சிரித்து நான் பார்க்கவில்லை.

இந்தக் கோவிலைக் கட்டிய விதம்தான் எனக்கு மறக்காது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கோவில் இருந்தது, 1714 முதல் 1717 வரை மண்ணால் கட்டியது. அதற்கு முந்தையதை 1680-இல் பூர்வகுடி பியூப்லோ மக்கள் ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது அழித்துவிட்டார்கள். லாமி அந்த மண் கோவிலை முதலில் இடிக்கவில்லை. அதைச் சுற்றியே கல் சுவரை எழுப்பினார். உள்ளே பூசை நடந்துகொண்டே இருந்தது, வெளியே புதுக் கோவில் வளர்ந்துகொண்டே வந்தது. சுவரும் கூரையும் ஆனபிறகு உள்ளே இருந்த பழைய கோவிலை உடைத்து, மண்ணை மண்ணாகப் புது வாசல் வழியே வெளியே அள்ளிக் கொட்டினார்கள். ஒரு பக்கச் சிற்றாலயம் மட்டும் தப்பியது. அதில் மரத்தால் செய்த மாதா சுரூபம், 1625 வாக்கில் மெக்சிகோவிலிருந்து வந்தது, பியூப்லோ கலகத்தில் தப்பி ஓடியவர்கள் தூக்கிக்கொண்டு போய்ப் பிறகு திரும்பக் கொண்டுவந்தது. விழாவுக்கு விழா உடுப்பு மாற்றுகிறார்கள், அதற்கென்றே பெரிய உடுப்பு அலமாரி இருக்கிறது. "வேளாங்கண்ணி மாதாவுக்குப் புடவ மாத்துற மாதிரி" என்று அப்பா அங்கேயே முட்டி போட்டுவிட்டார், குழு எங்களை விட்டுவிட்டு வெளியே போய்விட்டது. அதற்காக வழிகாட்டி கோபப்படவில்லை, அதற்கு ஒரு நட்சத்திரம் கூட.

வாசல் வளைவின் உச்சியில் முக்கோணத்துக்குள் எபிரேய எழுத்தில் கடவுளின் பெயர் இருக்கிறது. கோவிலுக்குப் பணம் கொடுத்த யூத வியாபாரிகளுக்கு நன்றியாக வைத்தது என்று ஒரு கதை ஊரில் உண்டு, வழிகாட்டி அதை உறுதியான செய்தி போலச் சொன்னார். அந்த முக்கோணம் ஐரோப்பியக் கத்தோலிக்கக் கோவில்களிலும் சாதாரணமாகக் காணப்படுவதுதான். வாசலுக்கு முன்னால் லாமியின் சிலை, 1915-இல் வைத்தது. உடம்பு உள்ளே பீடத்துக்கு அடியில்.

சிலையடியில் நின்றுதான் வழிகாட்டி லாமியின் பயணக் கதையைச் சொன்னார், அதை நன்றாகவே சொன்னார், அதை மறுக்கமாட்டேன். அமெரிக்கா மெக்சிகோவோடு சண்டை போட்டு இந்த நிலத்தை வாங்கிக்கொண்டது 1848-இல். அதுவரை இங்கிருந்த கோவில்கள் மெக்சிகோவின் துராங்கோ மேற்றிராணியார் (ஆயர்) கையில் இருந்தன. ரோமாபுரி 1850-இல் தனி ஆட்சிப்பகுதி ஆக்கி, 36 வயதுகூட முடியாத லாமியை மேற்றிராணியாராக நியமித்தது. அவர் நியூ ஆர்லியன்ஸ் வழியாக டெக்சஸ் கரைக்குக் கப்பலில் வந்தார், 1851 ஜனவரியில் இண்டியனோலா துறைமுகத்தருகே கப்பல் உடைந்து கொண்டுவந்த சாமான்களில் பெரும்பகுதி கடலோடு போயிற்று. சான் அந்தோனியோவில் வண்டியிலிருந்து குதித்துக் காலைக் காயப்படுத்திக்கொண்டு மாதக்கணக்கில் படுக்கை. அங்கே கிடந்த நேரத்தில் ஸ்பானிய மொழி படித்துக்கொண்டார். ஒருவழியாக ஆகஸ்டில் சாண்டா ஃபே வந்தால் ஜனங்கள் தோரணம் கட்டி வரவேற்கிறார்கள், நெடுநாள் வறட்சிக்குப் பிறகு மழைகூடப் பெய்கிறது, ஆனால் உள்ளூர்க் குருக்களும் அவர்கள் தலைவர் ஓர்ட்டிஸும் "எங்கள் மேற்றிராணியார் துராங்கோவில் இருக்கிறார், அவரிடமிருந்து எங்களுக்கு ஒரு காகிதமும் வரவில்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

நம் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது புதுசாக இருக்காது. கோவா மிஷன் சாமியாரா, ரோமாபுரி அனுப்பிய சாமியாரா, சாவி யார் கையில் என்று அதே காலத்தில் நம் கடற்கரை ஊர்களிலும் இழுபறி நடந்திருக்கிறது. அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். லாமி என்ன செய்தார் தெரியுமா, குதிரையேறித் துராங்கோவுக்கே புறப்பட்டுவிட்டார். இன்றைய சாலைக் கணக்கில் போகவே 1,500 கிலோமீட்டர். அங்கே மேற்றிராணியார் சுபிரியா கடிதத்தைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கிக்கொள்ள, 1852 ஜனவரியில் திரும்பி வந்தார். நிலமோ நியூ மெக்சிகோ, பிறகு அரிசோனாவும் கொலராடோவும் சேர்ந்தது. கைவசம் பத்துப் பன்னிரண்டு குருக்கள்.

இங்கே ஒரு தகவல், வழிகாட்டி சொல்லவில்லை, நான் சேர்த்துக்கொள்கிறேன். இந்த ஊழியத்துக்கான பணத்தில் நல்ல பங்கு பிரான்சின் லியோன் நகரத்தில் 1822-இல் தொடங்கிய ஒரு சங்கத்திலிருந்து வந்தது. ஏழை எளியவர்கள் வாரத்துக்கு ஒரு செப்புக்காசு போடுவார்கள், அதைத் திரட்டி உலகம் பூராவும் மிஷன்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். புதுச்சேரி மிஷனுக்கும் அதே உண்டியல்தான்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஏமாற்றம். துராங்கோவிலிருந்து திரும்பி வந்தார், பள்ளி கட்டினார், மருத்துவமனை கட்டினார், கோவில் கட்டினார், நன்றி வணக்கம். அப்பா என் கையைப் பிடித்து, "ஏ பிள்ள, முதல்ல மாட்டேன்னு சொன்ன அந்த சாமியார்மாருங்க என்ன ஆனாங்கன்னு கேளு" என்றார். கேட்டேன். வழிகாட்டி ஒரு விநாடி நின்று, "அது தாவோஸ் கதை, நம் பாதையில் அது வராது, நீங்கள் தாவோஸ் போனால் பாருங்கள்" என்று சிரித்துவிட்டு, பச்சை மிளகாய் சாஸ் எங்கே நன்றாக இருக்கும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். (அந்த ஆலோசனை உண்மையிலேயே நல்ல ஆலோசனை. சிவப்பா பச்சையா என்று கேட்பார்கள், இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். அப்பா மூன்று நாளும் கிறிஸ்துமஸ் கொண்டாடினார்.)

35 டாலருக்கு வராத கதையை நான் சொல்கிறேன். தாவோஸ் பங்குச் சாமியார் அந்தோனியோ ஹோசே மார்ட்டினெஸ், 1793-இல் பிறந்தவர். கல்யாணம் ஆகி, மனைவியை இழந்து, பிறகு துராங்கோவில் படித்துக் குருவானவர். 1826-லிருந்து தாவோஸில். வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தி உள்ளூர்ப் பையன்களைக் குருத்துவப் படிப்புக்குத் தயார் செய்தார், ஒரு அச்சு இயந்திரம் வாங்கிப் பாடப்புத்தகமும் பூசைப் புத்தகமும் அச்சடித்தார், சட்டமன்றத்தில் உட்கார்ந்தார். ஏழைகளிடம் தசமபாகமும் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) சடங்குக் கட்டணமும் கசக்கி வாங்குவதை எதிர்த்து மெக்சிகோ ஆட்சிக்காலத்திலேயே எழுதியவர். லாமி வந்து, தசமபாகம் கொடுக்காத குடும்பங்களுக்கு ஞானஸ்நானம், திருமணம் போன்ற திருவருட்சாதனங்கள் கிடையாது என்று சுற்றுமடல் அனுப்பினால் இந்த மனிதர் சும்மா இருப்பாரா? லாமிக்கும் தன் பக்கம் காரணம் இருந்தது. பள்ளிக்கும் கோவிலுக்கும் காசு வேண்டும், சில குருக்கள் குடும்பம் குட்டியோடு இருப்பதாகப் புகார், சிலர் அடக்கத்துக்கும் மணத்துக்கும் கண்டபடி கேட்பதாகப் புகார். அவர் பழைய குருக்களை மாற்றிக்கொண்டே போனார். ஆல்புகெர்க்கி பங்கில் இருந்த காயேகோஸ் என்ற சாமியாரை நிறுத்திவைத்தார், அந்த ஆள் 1853-இல் தேர்தலில் நின்று ஜெயித்து வாஷிங்டனுக்குப் போய்விட்டார். மார்ட்டினெஸ் 1856-இல் உடம்பு முடியவில்லை, ஓய்வு பற்றி யோசிக்கிறேன் என்று எழுத, லாமி அதைப் பிடித்துக்கொண்டு ஸ்பெயின்காரர் ஒருவரை அந்தப் பங்குக்கு அனுப்பிவைத்தார். சண்டை முற்றியது. கிழவர் தன் வீட்டு ஜெபக்கூடத்திலேயே பூசை வைக்க ஆரம்பித்தார், ஜனம் இரண்டாகப் பிரிந்தது, முதலில் பணிநிறுத்தம், ஒன்றிரண்டு வருடத்தில் சபைநீக்கம். அதை அறிவிக்கத் தாவோஸ் வந்தவர் லாமியின் பால்ய சிநேகிதர் மாஷ்பெஃப், பிறகு டென்வரின் முதல் மேற்றிராணியார் ஆனவர், அவருக்கு "சாவை ஏய்ப்பவர்" என்றே பிரெஞ்சில் பட்டப்பெயர் இருந்தது.

மார்ட்டினெஸ் 1867-இல் சமாதானம் ஆகாமலேயே இறந்தார். சாகும் நேரத்தில் கடைசித் திருச்சடங்கான அவஸ்தைப் பூசுதல் கொடுத்தவர் அவரைப் போலவே விலக்கப்பட்ட இன்னொரு சாமியார்.

மறுநாள் காரை வாடகைக்கு எடுத்துத் தாவோஸ் போனோம், ஒன்றரை மணி நேரம். சதுக்கத்தில் மார்ட்டினெஸுக்குச் சிலை இருக்கிறது, லாமியின் சிலையைப் போலவே நிமிர்ந்து நிற்கிறது. கல்லறை பக்கத்துப் பூங்காவில், டிக்கெட் இல்லை, வழிகாட்டி இல்லை, எங்களைத் தவிர ஒரு நாய் இருந்தது. கல்லில் ஸ்பானிய மொழியில் "தன் நாட்டின் பெருமை" என்று வெட்டியிருக்கிறார்கள். சபையிலிருந்து விலக்கிய சாமியாருக்கு இந்த வார்த்தையா என்று அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். ரொம்ப நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அந்த மண் கோவில வெளிய அள்ளிக் கொட்டுனாங்கல்லா" என்று மட்டும் சொன்னார்.

இதை எழுதுவதால் நான் லாமியை வில்லனாக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். 37 வருடம் அந்த வறண்ட நாட்டில் குதிரை மேலேயே இருந்த மனிதர். சாண்டா ஃபேக்கு முதல் மருத்துவமனையை 1865-இல் கன்னியரை வைத்துத் தொடங்கியவர். பேராலயத்துக்குப் பின்னால் தோட்டம் போட்டார், குளம் வெட்டி மீன் விட்டார், கிழக்கிலிருந்து பழமரக் கன்றுகளை வண்டியில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொண்டுவந்து வளர்த்து ஊராருக்குப் பதியன் கொடுத்தார். 1885-இல் பதவி விலகியபின் ஊருக்கு வடக்கே மலையடியில் வைத்திருந்த சின்ன வீட்டுக்கும் ஜெபக்கூடத்துக்கும் போய்ப் போய் இருந்தார், 1888 பிப்ரவரியில் நிமோனியாவில் போனார். அந்த இடம் இப்போது பிஷப்ஸ் லாட்ஜ் என்ற சொகுசு விடுதி. ஜெபக்கூடம் அப்படியே இருக்கிறது, நாங்கள் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தோம், உள்ளே தங்குவதற்கு என் சம்பளம் போதாது. தோட்டத்தைப் பற்றி வழிகாட்டி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், பேராலயம் கட்ட வந்த கட்டிடக் கலைஞர் ஒருவரை 1879-இல் லாமியின் சகோதரர் மகனே பெண்டாட்டி விஷயத்தில் சந்தேகப்பட்டுச் சுட்டுக் கொன்றதைப் பற்றி அதுவும் இல்லை. பேய்க்கதை சொல்கிற இரவுச் சுற்றுலாக்காரர்களுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறார்களோ என்னவோ.

நடைமுறை விஷயம்: காலை ஒன்பது மணிக் குழுவில் சேருங்கள், பத்தரைக்கு மேல் வெயில் சுள்ளென்று இறங்குகிறது. ஞாயிறு வேண்டாம், பூசை நேரத்தில் பேராலயத்துக்குள் கூட்டமாகச் சுற்ற முடியாது. நடுவில் கழிப்பறைக்கு நிறுத்தமாட்டார்கள், வயதானவர்களோடு போகிறவர்கள் முன்பே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். காதில் மாட்டக் கொடுக்கிற கருவி லொரெட்டோவில் வேலை செய்தது, தெருவில் கரகரத்தது. கையில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தாவோஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இந்தக் கதை முடியாது.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை பேராலயத்தில் அப்பாவுக்குக் கிடைத்த கைதட்டலுக்கு. சுற்றுலா முடிந்த அன்று இரவே மின்னஞ்சலில் கருத்துப் படிவம் அனுப்பினார்கள், அப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். இரண்டே வரி: படிக்கட்டில் பத்து நிமிடம் குறைத்துத் தாவோஸ் சாமியாருக்குக் கொடுங்கள், தச்சன் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று தானியங்கிப் பதில் வந்தது, அதோடு அடுத்த பதிவுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பனும். அப்பா அதை பிரிண்ட் எடுத்துப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார்.